பிணைய அட்டை இயக்கிகளின் வரலாறு: ஜம்பர் முதல் ஈத்டூல் வரை

கணினியை வலையமைப்புடன் இணைக்கும் மின்னணு அட்டைக்குப் பிணைய அட்டை என்று பெயர். அந்த அட்டையோடு பேசத் தெரிந்த மென்பொருள்தான் இயக்கி. பேச்சு வழக்கில் டிரைவர் என்கிறோம். லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி போன்ற யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் இந்த இயக்கி கெர்னல் எனப்படும் கருனிக்குள்ளேயே இருந்து வேலை செய்கிறது. அட்டைக்கு வந்து சேரும் தரவுப் பொதிகளை எடுத்துக் கருனியிடம் கொடுப்பதும், கருனி கொடுப்பதை அட்டையில் ஏற்றி அனுப்புவதும் அதன் பணி.

கேட்பதற்கு எளிய வேலைதான். ஆனால் இன்று லினக்ஸ் கணினியில் ஈத்டூல் என்ற கட்டளையை இயக்கிப் பார்த்தால் வேகம், இருவழித்தன்மை, வளைய நீளம், குறுக்கீட்டு இடைவெளி, பொதி ஒட்டுதல் எனப் பல அமைவுகள் வரிசையாக வருகின்றன. புதிதாகக் கற்கும் மாணவர் இவற்றில் எதைத் தொடுவது, எதை விடுவது என்று திகைப்பார். இவை யாரோ ஒருவர் உட்கார்ந்து திட்டமிட்ட பட்டியல் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் ஒரு கணினி திணறியதால் வந்து சேர்ந்தது. எந்தத் திணறலுக்காக எது வந்தது என்று தெரிந்துகொண்டால், எதை எப்போது மாற்ற வேண்டும் என்பதும் பெரும்பாலும் தானே விளங்கிவிடும்.

பெர்க்லியும் பெயர் சூட்டலும்

ஈதர்நெட் 1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப், டேவிட் பாக்ஸ் ஆகியோரால் உருவாக்கப்பட்டது. அப்போதைய வேகம் நொடிக்கு 2.94 மெகாபிட். 1980இல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் மூன்றும் சேர்ந்து 10 மெகாபிட் தரத்தை வெளியிட்டன. 1983இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து 4.2 பிஎஸ்டி யுனிக்ஸ் வெளிவந்தது. இணைய நெறிமுறையைத் தன்னுள் கொண்டு பரவலாகப் போய்ச் சேர்ந்த யுனிக்ஸ் அதுதான். பிணைய இடைமுகத்துக்கு முகவரி கொடுக்கும் இஃப்கன்ஃபிக் கட்டளையும் அதில்தான் முதலில் வந்தது.

பிஎஸ்டி குடும்பத்தில் இடைமுகத்தின் பெயர் அதன் இயக்கியின் பெயரிலிருந்தே வரும். ரியல்டெக் அட்டை என்றால் ஆர்எல்0, இன்டெல்லின் பழைய 100 மெகாபிட் அட்டை என்றால் எஃப்எக்ஸ்பி0. பெயரைப் பார்த்தவுடனே உள்ளே இருக்கும் சில்லு எது என்று தெரிந்துவிடும். லினக்ஸ் வேறு வழியில் சென்றது. எந்த அட்டையானாலும் ஈத்0, ஈத்1 என்று வரிசை எண் கொடுத்தது. கற்றுக்கொள்ள இது எளிது. ஆனால் இரண்டு அட்டைகள் உள்ள கணினியில் எது முதலில் கண்ணில் படுகிறதோ அதுவே ஈத்0 ஆகும். ஒருமுறை கணினியை அணைத்துப் போட்டால் வரிசை மாறிப்போய், உள்வலைக்கான விதிகள் வெளிவலை அட்டையில் அமர்ந்துவிடும் ஆபத்து இருந்தது. 2013இல் சிஸ்டம்டி அட்டை செருகப்பட்ட இடத்தை வைத்துப் பெயரிடும் முறையைக் கொண்டுவந்தது. என்பி3எஸ்0 என்றால் மூன்றாம் பிசிஐ பாட்டையில் பூஜ்ஜியமாவது இடம் என்று பொருள். படிக்கச் சிரமமான பெயர்தான், ஆனாலும் மாறாத பெயர்.

என்இ 2000: மலிவு அட்டையின் காலம்

1980களின் இறுதியில் நோவெல் நிறுவனம் என்இ 1000, என்இ 2000 என்ற இரு அட்டைகளைக் கொண்டுவந்தது. இவற்றின் இதயம் நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தின் டிபி 8390 சில்லு. இந்த வடிவமைப்பை எண்ணற்ற நிறுவனங்கள் பின்பற்றி அட்டைகள் செய்தன. 'என்இ 2000 ஒத்தது' என்று பெட்டியில் அச்சடித்தாலே விற்றுவிடும் என்ற நிலை. 1990களில் மலிவு விலைக் கணினிகளில் பெரும்பாலும் இருந்தது இந்த வகைதான்.

அட்டையில் 16 கிலோபைட் நினைவகம் இருந்தது. வந்த பொதிகள் அதற்குள் வளையம் போல் சுற்றிச் சுற்றி எழுதப்படும். அவற்றைக் கணினியின் நினைவகத்துக்கு மாற்றும் வேலையை மையச் செயலியே செய்தாக வேண்டும். ஒரே ஒரு துவாரம் வழியாக இரண்டிரண்டு பைட்டாக இறைக்க வேண்டும். தொட்டித் தண்ணீரைத் தம்ளரால் மொள்ளுவது போல.

அதைவிடப் பெரிய தொல்லை அட்டையைக் கண்டுபிடிப்பது. அந்தக் காலத்து ஐஎஸ்ஏ அட்டைகள் தாங்கள் யார், எந்த முகவரியில் இருக்கிறோம் என்று தாமாகச் சொல்லாது. அட்டையின் மேல் ஜம்பர் எனும் சிறு செருகிகள் இருக்கும். அவற்றை இடம் மாற்றிச் செருகி உள்ளீட்டு முகவரியையும் குறுக்கீட்டு எண்ணையும் நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். முகவரி 300, குறுக்கீடு 3 என்று அட்டை வரும். அதே எண்ணில் இரண்டாவது தொடர்வாயில் இருந்தால் இரண்டும் மோதிக்கொள்ளும்.

லினக்ஸின் என்இ இயக்கி இதற்கு ஒரு வழி வைத்திருந்தது. வழக்கமான சில முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். அட்டையில் நிரந்தரமாக எழுதப்பட்ட விவரங்களில் 14, 15ஆம் இடங்களில் பதினாறடிமான எண் 57 இரண்டு முறை இருந்தால் அது உண்மையான என்இ 2000 என்று கொள்ளும். சில போலி அட்டைகளில் இந்த அடையாளம் இராது. அவற்றுக்காக இயக்கியின் மூலநிரலில் 'மோசமான நகல்கள்' என்று தனியாக ஒரு பட்டியலே இருந்தது! முகவரியைத் தட்டிப் பார்ப்பதிலும் ஆபத்து உண்டு. அந்த இடத்தில் வேறு ஏதாவது அட்டை இருந்தால் கணினியே உறைந்து நின்றுவிடலாம். ஆகவே இயக்கியைத் தனிக்கூறாக ஏற்றும்போது முகவரியைப் பயனர் தம் கையாலேயே கொடுக்க வேண்டும் என்று வைத்தார்கள். இயக்கியை அமைப்பது என்றால் அக்காலத்தில் இதுதான்: கணினிப் பெட்டியைத் திறந்து, ஜம்பரைப் பார்த்து, எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டு வந்து தட்டச்சு செய்வது. பிசிஐ பாட்டை வந்தபின் அட்டையே தன் தயாரிப்பாளர் எண்ணையும் சாதன எண்ணையும் சொல்லத் தொடங்கியது. ஜம்பர் மறைந்தது.

டொனால்ட் பெக்கர்

லினக்ஸின் தொடக்க கால ஈதர்நெட் இயக்கிகளில் மிகப் பெரும்பகுதி டொனால்ட் பெக்கர் என்ற ஒருவர் எழுதியவை. என்இ 2000, 3காம் அட்டைகள், டிஜிட்டல் நிறுவனத்தின் டூலிப் சில்லு, ரியல்டெக் என்று அவர் கைபடாத அட்டை குறைவு. என்இ இயக்கியின் தலைப்பில் ஒரு வியப்பான வரி உண்டு. 1993ஆம் ஆண்டுப் பதிப்புரிமை அமெரிக்க அரசின் தேசியப் பாதுகாப்பு முகமையின் இயக்குநர் பெயரில் இருக்கிறது. அரசு சார்ந்த ஆய்வுப் பணியில் இருந்தபோது எழுதிய நிரல், பொது உரிமத்தின் கீழ் உலகுக்குக் கிடைத்தது.

பின்னர் அவர் நாசாவின் கோடார்ட் விண்வெளி மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்குடன் சேர்ந்து 1994இல் பேயோவுல்ஃப் என்ற கணினித் தொகுப்பை உருவாக்கினார். கடையில் கிடைக்கும் 16 சாதாரண 486 வகைக் கணினிகளை ஈதர்நெட்டால் கோத்து ஒரே பெரிய கணினி போல வேலை வாங்கும் திட்டம் அது. செயலிகளின் வேகத்துக்கு 10 மெகாபிட் வலை ஈடுகொடுக்கவில்லை. வேகமான வலைக்கருவி வாங்கினால் மலிவு என்ற நோக்கமே அடிபட்டுப் போகும். பெக்கர் என்ன செய்தார்? ஒவ்வொரு கணினியிலும் இரண்டு அட்டைகளைப் பொருத்தி, பொதிகளை இரண்டிலும் மாறி மாறி அனுப்பும்படி நிரல் எழுதினார். பாண்டிங் என்ற பெயரில் இன்றும் வழங்கர்களில் பயன்படும் வசதியின் வேர் இங்கேதான். மீத்திறன் கணினி வாங்கப் பணமில்லாத பல்கலைக்கழகங்களுக்கு இந்தத் தொகுப்பு முறை ஒரு கதவைத் திறந்தது. அதன் அடித்தளமாக அமைந்தவற்றுள் நல்ல ஈதர்நெட் இயக்கியும் ஒன்று என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இவ்வளவு அட்டைகளுக்கு வெளியார் இயக்கி எழுத வேண்டுமென்றால் சில்லின் கையேடு வேண்டும். எந்தப் பதிவேட்டில் எந்தப் பிட்டை ஏற்றினால் என்ன நடக்கும் என்று தயாரிப்பாளர் சொல்ல வேண்டும். சிலர் கொடுத்தார்கள். சிலர் வணிக இரகசியம் என்றார்கள். என்விடியாவின் என்ஃபோர்ஸ் தாய்ப்பலகைகளில் இருந்த ஈதர்நெட்டுக்கு நிறுவனம் மூலநிரல் இல்லாத இயக்கியைத்தான் கொடுத்தது. கார்ல்-டேனியல் ஹெயில்ஃபிங்கர், ஆண்ட்ரூ டி குவின்சி ஆகியோர் அது வன்பொருளோடு பேசுவதை ஆராய்ந்து தாங்களே ஒரு கையேடு எழுதினர். அந்தக் கையேட்டை வைத்து ஃபோர்ஸ்டெத் என்ற புதிய இயக்கி எழுதப்பட்டது. பழைய நிரலிலிருந்து ஒரு வரியும் எடுக்காமல் இருப்பதற்காகவே இந்தச் சுற்றுவழி. சில ஆண்டுகளில் என்விடியாவே தன் இயக்கியைக் கைவிட்டு ஃபோர்ஸ்டெத்துக்குப் பங்களிக்கத் தொடங்கியது. கையேட்டைப் பூட்டி வைத்ததால் யாருக்கு என்ன லாபம் கிடைத்தது என்று எனக்கு விளங்கவில்லை.

ரியல்டெக்கின் 8139 சில்லு நேர்மாறு. ஆவணம் கிடைத்தது, வடிவமைப்புதான் குறை. அனுப்புவதற்கு நான்கே நான்கு இடங்கள். அனுப்பும் பொதி நினைவகத்தில் நான்கால் வகுபடும் முகவரியில் தொடங்க வேண்டும்; இல்லாவிட்டால் இயக்கி அதைப் படியெடுத்துக் கொடுக்க வேண்டும். வரும் பொதிகள் எல்லாம் ஒரே நீண்ட இடையகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக விழும். அங்கிருந்தும் செயலிதான் படியெடுக்க வேண்டும். ஃப்ரீபிஎஸ்டிக்கு இதன் இயக்கியை எழுதிய பில் பால், மூலநிரலின் குறிப்பிலேயே இந்தச் சில்லைக் கடுமையாகச் சாடியிருக்கிறார். ஆனால் விலை குறைவு. அதனால் உலகமெங்கும் அது பரவியது. எந்த அமைவை எப்படித் திருகினாலும் இந்த அட்டை ஓர் எல்லைக்கு மேல் வேகம் தராது.

இருவழிப் பிணக்கு

1995இல் 100 மெகாபிட் ஈதர்நெட் தரம் வந்தது. கம்பியின் இரு முனைகளும் தாமே பேசி வேகத்தையும், ஒரே நேரத்தில் இருவழியும் செல்லலாமா என்பதையும் முடிவு செய்யும் வசதி அதோடு வந்தது. தொடக்கத்தில் பல சாதனங்களில் இந்தப் பேச்சு சரியாக நடக்கவில்லை. ஆகவே நிர்வாகிகள் தானியங்கு வசதியை நிறுத்திவிட்டு, '100 மெகாபிட், முழு இருவழி' என்று கையால் கட்டிவைக்கும் பழக்கத்துக்கு வந்தனர்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒரு முனையை மட்டும் கட்டிவைத்தால், மறுமுனைக்குப் பேச ஆளில்லை. மின் சைகையைப் பார்த்து வேகத்தை அது கண்டுகொள்ளும். இருவழித்தன்மையைக் கண்டுகொள்ள முடியாது. அந்த நிலையில் அரை இருவழி என்று கொள்ள வேண்டும் என்பது தரத்தின் விதி. விளைவாக ஒரு முனை எப்போது வேண்டுமானாலும் பேசுகிறது. மறுமுனை அதை மோதல் என்று எண்ணித் தன் பேச்சை நிறுத்துகிறது. இணைப்பு விளக்கு எரியும். பிங் கொடுத்தால் பதில் வரும். பெரிய கோப்பை அனுப்பினால் மட்டும் ஊர்ந்து போகும். எல்லாம் சரியாக இருப்பது போலத் தோன்றுவதால்தான் இந்தக் கோளாறு பல நிர்வாகிகளின் தூக்கத்தைக் கெடுத்தது. மருந்து எளிது: இரு முனையும் தானியங்கு, அல்லது இரு முனையும் கட்டியது. தாமிரக் கம்பி வழி கிகாபிட் ஈதர்நெட்டில் தானியங்குப் பேச்சு கட்டாயமாக்கப்பட்டது. ஆனாலும் வேகம் குறைந்த கணினியில் ஈத்டூலைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டிய வரி இன்றும் இதுவே.

குறுக்கீட்டு வெள்ளம்

பொதி வந்ததும் அட்டை செயலிக்குக் குறுக்கீடு எனும் அழைப்பை விடுக்கும். செயலி கையில் உள்ள வேலையை அப்படியே விட்டுவிட்டு வந்து பொதியை எடுக்கும். 10 மெகாபிட் வலையில் மிகச் சிறிய பொதிகள் நொடிக்கு அதிகபட்சம் 14,880 வரலாம். 100 மெகாபிட்டில் 1,48,800. கிகாபிட்டில் ஏறத்தாழ 14 லட்சத்து 88 ஆயிரம். ஒவ்வொன்றுக்கும் ஓர் அழைப்பு என்றால் என்ன ஆகும்?

வகுப்பில் ஐம்பது பிள்ளைகளும் ஒவ்வொருவராக 'சார், சார்' என்று நோட்டை நீட்டிக்கொண்டே இருந்தால் ஆசிரியர் ஒரு நோட்டையும் திருத்தி முடிக்க முடியாது. வாங்கி மேசையில் வைப்பதற்கே பொழுது சரியாகிவிடும். செயலியின் நிலையும் அதுதான். பொதியை வாங்கி வரிசையில் வைக்கும் குறுக்கீட்டு வேலைக்கு முன்னுரிமை அதிகம். வரிசையிலிருந்து எடுத்து உரிய இடத்தில் சேர்க்கும் வேலைக்கு முன்னுரிமை குறைவு. வெள்ளம் போல் பொதி வந்தால் இரண்டாவது வேலைக்கு நேரமே கிடைக்காது. வரிசை நிரம்பி, பாடுபட்டு வாங்கிய பொதிகள் வீசப்படும். செயலி நூறு சதவீதம் உழைக்கும், பயன் பூஜ்ஜியம். ஜெஃப்ரி மோகலும் கே. கே. ராமகிருஷ்ணனும் 1996இல் யூசெனிக்ஸ் மாநாட்டில் வெளியிட்ட ஆய்வுரை இந்த நிலையை அளந்து காட்டி, தீர்வும் சொன்னது. சுமை கூடினால் குறுக்கீட்டை நிறுத்து. நீயாகப் போய்ப் பார்த்து எடு.

லினக்ஸ் உலகம் இதை உடனே கையில் எடுக்கவில்லை. அதற்கு ஓர் அவமானம் தேவைப்பட்டது. 1999 ஏப்ரலில் மைண்ட்கிராஃப்ட் என்ற நிறுவனம், மைக்ரோசாஃப்டின் பணத்தில் நடத்திய சோதனை ஒன்றை வெளியிட்டது. நான்கு செயலிகளும் நான்கு பிணைய அட்டைகளும் கொண்ட வழங்கரில் விண்டோஸ் என்டி, லினக்ஸைவிடக் கோப்பு வழங்குவதில் 2.5 மடங்கும் வலைப்பக்கம் வழங்குவதில் 3.7 மடங்கும் வேகம் என்றது முடிவு. சோதனை நேர்மையற்றது என்று லினக்ஸ் தரப்பு கொதித்தது. கொதித்ததில் நியாயமும் இருந்தது. விண்டோஸில் ஒவ்வோர் அட்டையின் குறுக்கீட்டையும் ஒவ்வொரு செயலிக்குக் கட்டிவைத்து நன்றாகச் சுருதி கூட்டியிருந்தார்கள். லினக்ஸுக்கு அத்தகைய கவனிப்பு இல்லை. ஆனால் லினக்ஸ் ஆட்களையும் அழைத்து மறுபடி நடத்தியபோதும் லினக்ஸே பின்தங்கியது. பல செயலிகள் இருந்தும் கருனியின் பிணையப் பகுதி ஒரு நேரத்தில் ஒன்றில்தான் ஓடியது என்பது கசப்பான உண்மை. 2001 ஜனவரியில் வந்த 2.4 கருனியில் இந்தக் குறை களையப்பட்டது. திட்டியவர் எதிரியாக இருந்தாலும் சொன்னதில் உள்ள மெய்யை எடுத்துக்கொண்டார்கள் என்பதற்காகவே இந்த நிகழ்ச்சியை விரிவாகச் சொல்கிறேன்.

அதே ஆண்டு நவம்பரில் ஜமால் ஹாதி சலீம், ராபர்ட் ஓல்சன், அலெக்சி குஸ்நெட்சோவ் மூவரும் நாப்பி என்ற முறையை முன்வைத்தனர். முதல் பொதி வரும்போது ஒரே ஒரு குறுக்கீடு. உடனே இயக்கி அட்டையின் வாயை அடைத்துவிட்டு, 'என்னிடம் வேலை இருக்கிறது' என்று கருனியிடம் பெயர் கொடுக்கும். கருனி முறை வைத்து வந்து ஒரு தடவைக்கு வழக்கமாக 64 பொதிகள் வரை எடுக்கும். அதற்குக் குறைவாக இருந்தால் அட்டை காலி என்று பொருள். குறுக்கீடு மறுபடி திறக்கப்படும். சுமை குறைந்த நேரத்தில் தாமதம் இல்லை, வெள்ள நேரத்தில் திணறல் இல்லை. தாங்க முடியாத அளவு வந்தால் மிகுதியான பொதிகள் அட்டையிலேயே வழிந்துவிடும். செயலியின் நேரம் அவற்றுக்காக வீணாகாது.

இயக்கி எழுதுபவருக்கு இதில் ஒரு நுட்பமான சிக்கல். கடைசியாகப் பார்த்து 'காலி' என்று முடிவு செய்த கணத்துக்கும் குறுக்கீட்டைத் திறந்த கணத்துக்கும் நடுவே ஒரு பொதி வந்தால்? அதற்காக யாரும் அழைக்கப்பட மாட்டார்கள். அடுத்த பொதி வரும்வரை அது அங்கேயே கிடக்கும். 'அழுகும் பொதி' என்றே இதற்குப் பெயர் வைத்தனர். ஆகவே சில அட்டைகளில் திறந்த பிறகு இன்னொரு முறை எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

ஃப்ரீபிஎஸ்டியில் பீசா பல்கலைக்கழகத்தின் லூயிஜி ரிட்சோ, குறுக்கீட்டை நம்பாமல் கடிகாரத் துடிப்புக்கு ஒருமுறை போய்ப் பார்க்கும் முறையைச் சேர்த்தார். வன்பொருள் தயாரிப்பாளர்களும் சும்மா இருக்கவில்லை. இன்டெல்லின் இ1000 அட்டைகளில் நொடிக்கு இத்தனை குறுக்கீடுகளுக்கு மேல் வேண்டாம் என்று வரம்பு கட்டலாம். 8000 என்று வைத்தால் ஒரு பொதி அதிகபட்சம் 125 மைக்ரோ நொடி காத்திருக்க நேரும். கோப்பு வழங்கருக்கு அது பொருட்டே அல்ல. கணினிகள் ஓயாமல் சிறு செய்திகளை மாற்றிக்கொள்ளும் தொகுப்புக் கணிப்பில் அது பெரிய இழப்பு. ஒரே எண் எல்லாருக்கும் பொருந்தாததால் பிற்காலத்து இயக்கி போக்குவரத்தைப் பார்த்துத் தானே மாற்றிக்கொள்கிறது. மொத்தமாகத் தரவு வரும்போது 4000. விரைவான பதில் தேவைப்படும்போது 20,000.

குற்றம் சாட்டப்பட்ட இயக்கி

2008 செப்டம்பரில் 2.6.27 கருனியின் சோதனைப் பதிப்புகளைப் போட்டவர்கள் சிலரின் மடிக்கணினியில் இன்டெல் பிணைய அட்டை செத்துப்போனது. மறுபடி துவக்கினாலும் உயிர் வரவில்லை. அட்டையின் நிலைநினைவகத்தில் இருந்த விவரங்கள் அழிந்திருந்தன. எல்லார் கண்ணும் இ1000இ இயக்கியின் மேல் விழுந்தது. தேடிப் பார்த்தபோது குற்றவாளி வேறு: கருனியின் செயல்களைத் தடம் பார்க்கும் எஃப்ட்ரேஸ் என்ற வசதி. விடுவிக்கப்பட்டுவிட்ட ஒரு நினைவக இடத்தில் அது எழுத முயன்றது. அதே முகவரியில் இப்போது அமர்ந்திருந்தது பிணைய அட்டையின் நிலைநினைவகம்.

நீளும் வரிசைகள்

பொதி தொலைகிறது என்றால் இடையகத்தைப் பெரிதாக்கு என்பதுதான் பலரும் முதலில் சொல்லும் ஆலோசனை. வாங்கும் பக்கத்தில் அது ஓரளவு சரி. இ1000 இயக்கியின் வாங்கும் வளையத்தில் இயல்பாக 256 இடங்கள் உண்டு. புதிய சில்லுகளில் 4096 வரை கூட்டலாம். திடீரென்று பொதிகள் குவியும்போது அது தாங்கும். செயலி நிரந்தரமாகவே பின்தங்கியிருந்தால் எவ்வளவு நீளமான வளையமும் நிரம்பத்தான் செய்யும்.

அனுப்பும் பக்கத்தில் நீளம் தீமையே செய்யலாம். 2010இல் ஜிம் கெட்டிஸ் தம் வீட்டிலிருந்து பெரிய கோப்பை அனுப்பும்போது இணையம் முழுவதும் மந்தமாவதை ஆராய்ந்தார். வழியிலுள்ள சாதனங்களில் எல்லாம் வரிசைகள் மிக நீளமாக இருந்தன. நினைவகம் மலிவானதால் யாரும் யோசிக்காமல் கூட்டிவைத்தவை. கோப்பின் பொதிகள் வரிசையில் நிறைந்து நிற்க, பின்னால் வந்த சிறிய பொதி தன் முறைக்காக நொடிக்கணக்கில் காத்து நின்றது. பொதி தொலைந்தால்தான் அனுப்புபவர் நெரிசலை உணர்ந்து வேகத்தைக் குறைப்பார். நீண்ட வரிசை அந்தச் செய்தியையே மறைத்துவிட்டது.

2012 மார்ச்சில் வந்த லினக்ஸ் 3.3இல் டாம் ஹெர்பர்ட் எழுதிய பைட் வரம்பு முறை சேர்ந்தது. அட்டை எவ்வளவு வேகமாக அனுப்பி முடிக்கிறது என்று பார்த்து, அதைச் சும்மா இருக்க விடாத அளவு பைட்டுகளை மட்டும் வளையத்தில் ஏற்றும். மிச்சம் மேலே கருனியின் வரிசையில் காத்திருக்கும். அங்கே எதை முதலில் விடுவது என்று பகுத்து முடிவு செய்ய முடியும். இதற்கு இயக்கியில் தேவைப்பட்ட மாற்றம் சில வரிகளே: எத்தனை பைட் ஏற்றினேன், எத்தனை பைட் அனுப்பி முடிந்தது என்று அது கருனியிடம் கணக்குச் சொன்னால் போதும். இஃப்கன்ஃபிக் காட்டும் பழைய அனுப்பு வரிசை நீளம் மட்டும் 1000 பொதி என்ற எண்ணோடு இன்றும் திரையில் அப்படியே நிற்கிறது.